நிழலைத் தேடி ஓடும் பிராணி



மத்திய கிழக்கு நாடுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள் எங்கள் ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்து இருத்தி, ஒரு தேத்தண்ணியும் கொடுத்து, அந்த நாட்டுப் பூச்சி பூரான்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னரே ஒட்டகச் சிலந்தி வந்துவிடும். அது சாப்பாட்டுக் கோப்பையளவு பெரிதாக இருக்கும். மோட்டார் சைக்கிளுக்குச் சமனாக ஓடும். ஆளைக் கண்டால் துரத்தும். நித்திரையாகக் கிடப்பவனின் முகத்தில் முதலில் விறைப்பு மருந்து போல ஏதோ ஒன்றை ஏற்றிவிட்டு, அவன் அறியாமலே சதையைத் தின்றுவிட்டுப் போய்விடும். ஒட்டகத்தின் வயிற்றைக் கிழித்து உள்ளே முட்டையிடும். இவ்வளவையும் சொல்லி முடித்தவரிடம் "நீங்கள் கண்டீர்களா?" என்று கேட்டால், தான் காணவில்லை, பக்கத்துக் கம்பனியில் வேலை செய்த ஒரு வங்காளி கண்டான் என்பார். அந்த வங்காளியைத் தேடிப் போனால் அவன் ஒரு பாகிஸ்தானியைக் காட்டுவான்.

இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னர் வாழ்ந்த ஸ்ட்ராபோ என்ற கிரேக்க புவியியலாளர், எத்தியோப்பியப் பக்கத்தில் நல்ல மேய்ச்சல் நிலமொன்று தேள்களாலும் நான்கு தாடைச் சிலந்திகளாலும் மனிதர் இல்லாமல் கைவிடப்பட்டுக் கிடந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். தென்னாபிரிக்காவில் இதற்கு முடிவெட்டுகிறவன் என்று பொருள்படும் பெயர் உண்டு. நித்திரை கொள்ளும் ஆட்களின் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டு போய்ப் பொந்துக்குள் மெத்தை போடுமாம்.

நான் இந்தப் பிராணியைக் கண்டிருக்கிறேன். இரண்டு கோடை காலங்கள் அதனோடு ஒரே முற்றத்தில் சீவித்திருக்கிறேன் என்றே சொல்லலாம்.

1995ஆம், 1996ஆம் ஆண்டுகளில் ஓமான் நாட்டில் வீதி திருத்தும் கம்பனியொன்றில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தேன். தலைநகர் மஸ்கட்டிலிருந்து தெற்கே சலாலாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர் நீளமான வீதி போகிறது. அதன் நடுப்பகுதியில் ஹைமா என்று ஒரு சிறிய ஊர். எங்கள் முகாம் ஹைமாவிலிருந்து எண்பது, தொண்ணூறு கிலோமீற்றர் தள்ளியிருந்தது. பாலைவனம் என்றதும் சினிமாவில் காட்டும் மணல் மேடுகள் எங்கள் மனதில் வரும். இந்த இடம் அப்படியல்ல. ஜித்தத் அல் ஹராசிஸ் எனப்படும் அந்தப் பிரதேசம் தட்டையான சுண்ணாம்புக் கல் வெளி. யாரோ சீமெந்து பூசிவிட்டுப் போனதைப் போல அடிவானம் வரை கிடக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வேல மரங்கள். மழை வந்தால் அதிசயம். ஆனால் அரபிக் கடலிலிருந்து வரும் மூடுபனி சில இரவுகளில் அந்த வெளி முழுவதையும் நனைத்துவிடும். விடியற்காலையில் பிக்கப் வண்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்த பின்னரே சாரதி வண்டியை எடுப்பார். அந்த ஈரத்தில்தான் அங்குள்ள புல் பூண்டும், பூச்சிகளும், பூச்சிகளைத் தின்பவையும் உயிர் பிழைத்திருக்கின்றன. அரேபிய ஓரிக்ஸ் என்னும் வெள்ளை மான் 1972இல் காட்டு நிலையில் அற்றுப்போன பின்னர், 1982இல் அதை மீண்டும் கொண்டுவந்து விட்டதும் இந்த வெளியிலேதான்.

முகாமில் நாற்பது பேரளவில் இருந்தோம். கேரளத்தவர், வங்காளிகள், பலூச்சிகள், எங்கள் நாட்டவர் ஏழு பேர். காவலாளி மட்டும் அந்த மண்ணுக்குரியவர். ஹராசிஸ் கோத்திரத்து முதியவர். அரபியும் பேசுவார், அரபியிலிருந்து வேறான ஹர்சூசி என்ற தங்கள் சொந்த மொழியும் பேசுவார். அவருடைய உறவினர் சிலர் ஓரிக்ஸ் மான்களுக்குக் காவலர்களாக வேலை பார்த்தார்கள். அவரை நாங்கள் எல்லோரும் ஹாஜி என்று அழைத்தோம்.

முதன்முதலில் நான் அதைக் கண்டது ஜூன் மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் மூன்று மணிக்கு. களஞ்சிய முற்றத்தில் அடுக்கியிருந்த பழைய தகரம் ஒன்றைப் புரட்டினேன். அடியிலிருந்து வைக்கோல் நிறத்தில், மயிர் அடர்ந்த ஒன்று வெளியே பாய்ந்தது. என் உள்ளங்கையைக் கொஞ்சம் மீறும் அளவு. முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தது. நான் பின்னால் அடி வைத்தேன். அதுவும் வந்தது. இடப்பக்கம் விலகினேன். அதுவும் இடப்பக்கம் திரும்பியது. கதைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. வியர்த்த உடம்பு குளிர்ந்தது.

தண்ணீர்த் தாங்கியின் அருகில் இருந்த ஹாஜி சிரித்துக்கொண்டே கையை நீட்டி நிலத்தைக் காட்டினார். என் காலடியிலிருந்து நீண்டு கிடந்த என்னுடைய நிழலைத்தான் காட்டினார். தன்னிடம் வரும்படி சைகை செய்தார். நான் போய்த் தாங்கியின் பெரிய நிழலுக்குள் நின்றேன். பின்னாலேயே வந்த பிராணி நிழலின் ஓரத்தைத் தொட்டதும் நின்றது. என் காலிலிருந்து இரண்டு முழம்கூட இராது. பிறகு என்னைத் திரும்பியும் பாராமல் தாங்கியின் அடியிலிருந்த கல்லின் கீழே நுழைந்துவிட்டது.

காலின் கீழே கல் கொதிக்கிறது. சுற்றிலும் நிழல் தரக்கூடியது ஒரு மனிதனின் உடம்பு ஒன்றுதான். அந்த மனிதன் ஓடினால் நிழலும் ஓடுகிறது. நிழலை நம்பி வந்ததும் கூட ஓடுகிறது. துரத்தும் என்ற கதையின் அடி இவ்வளவே. இந்தப் பிராணிகளின் வரிசைக்கு விஞ்ஞானிகள் வைத்த சொலிஃபுகே என்ற லத்தீன் பெயருக்கும் வெயிலை விட்டு ஓடுபவை என்பதே பொருள். அரபியில் இதன் பெயர் ஷபத். அன்று ஹாஜியின் வாயிலிருந்துதான் அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டேன்.

ஒட்டகச் சிலந்தி என்று சொன்னாலும் இது சிலந்தியல்ல. தேளுமல்ல. சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் சேர்ந்த எட்டுக்கால் கூட்டத்தில் இது தனி வரிசை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு இதுவரை பெயர் வைத்திருக்கிறார்கள். ஆபிரிக்கா, அரேபியா, மத்திய ஆசியா, இந்தியா, அமெரிக்கக் கண்டங்கள் என்று வரண்ட நிலம் உள்ள இடங்களில் பெரும்பாலும் உண்டு. பாலைவனம் நிறைந்த அவுஸ்திரேலியாவில் மட்டும் இல்லை. பகலில் திரியும் இனங்களும் சில இருக்கின்றன.

பார்த்தவுடன் பத்துக் கால் இருப்பதாகத் தோன்றும். முன்னே தூக்கிப் பிடிக்கும் சோடி காலல்ல, தடவுகை. அதன் நுனியில் ஒட்டிக்கொள்ளும் உறுப்பு ஒன்று உண்டு. அடுத்த சோடி மெலிந்த கால்கள். அவையும் நிலத்தைத் தொட்டுத் தடவிப் பார்ப்பதற்கே. ஓடுவது மிகுதி மூன்று சோடிக் கால்களால். பின்னங்கால்களின் அடியில் குட்டி விசிறி போன்ற உறுப்புகள், காலுக்கு ஐந்து வீதம் தொங்குகின்றன. நிலத்தின் வாசனையை அவற்றால் அறிந்துகொள்கிறது. முன்தலையில் நெருக்கமாக இரண்டு சிறிய கறுப்புக் கண்கள். அவற்றின் கீழேதான் அதன் முழுப் பயங்கரமும் இருக்கிறது. இரண்டு பெரிய குறடுகளைப் பக்கம் பக்கமாக வைத்ததைப் போன்ற தாடைகள். ஒவ்வொரு குறடும் மேலும் கீழுமாகத் திறந்து மூடும். நான்கு தாடை என்று கிரேக்கர் எழுதியது இதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் இவ்வளவு பெரிய தாடை வேறு பிராணிகளில் அருமை. பயந்தால் அந்தக் குறடுகளை ஒன்றோடொன்று உரசும். அரத்தால் தகரத்தை மெல்ல இழுப்பது போன்ற சத்தம் வரும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். பெரிய இனங்களின் உடம்பு ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர். கால்களை விரித்து அளந்தால் பன்னிரண்டு, பதினைந்து சென்ரிமீற்றர் வரும். சாப்பாட்டுக் கோப்பை அல்ல, தேத்தண்ணிக் கோப்பையின் கீழே வைக்கும் தட்டு. வேகம் மணிக்கு 16 கிலோமீற்றர் என்று புத்தகங்களில் இருக்கிறது. அதுவும் கொஞ்சத் தூரத்துக்கே. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். உடம்பு முழுவதும் காற்றுக் குழாய்கள் கிளைவிட்டிருப்பதால் சிலந்தியை விட நன்றாக மூச்சு வாங்கி ஓட அதனால் முடிகிறது.

இரவில் அதைப் பார்ப்பது வேறு அனுபவம். சமையற் கொட்டிலுக்கு வெளியே ரியூப் லைற் ஒன்று விடிய விடிய எரியும். வெளிச்சத்துக்கு வண்டுகளும் விட்டில்களும் வந்து கொட்டுண்ணும். ஒன்பது மணிக்குப் பிறகு ஷபத் வரும். வெளிச்சத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். தடவுகை ஒரு வண்டில் பட்டதோ இல்லையோ, வண்டு தாடைக்குள் இருக்கும். நஞ்சு இல்லாத பிராணிக்கு இரையை மயக்கத் தெரியாது. நெரித்தே தின்ன வேண்டும். வண்டின் ஓடு நொறுங்கும் சத்தம் பத்தடி தூரத்தில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்கும், முறுக்குக் கடிப்பதைப் போல. இரண்டு குறடுகளும் மாறி மாறி அரைத்துக் கூழாக்கிவிட, அந்தக் கூழை உறிஞ்சிக் குடிக்கும். வயிறு வீங்கி இழுபட, நடக்கவே முடியாத அளவுக்குத் தின்பதும் உண்டு. ஓர் இரவில் அது சிறிய பல்லியொன்றைப் பிடித்ததைக் கண்டேன். அதை நான் விவரிக்கப் போவதில்லை. சாப்பிடுகிற நேரத்தில் வானொலி கேட்பவர்களும் இருப்பீர்கள்.

மூதூர்த் தம்பி கடிபட்டது அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில். வயது இருபத்திரண்டு. ஊரில் காணியை ஈடு வைத்து, முகவருக்குப் பணம் கட்டி வந்தவன். அன்றிரவு ஜெனரேற்றர் பழுதாகிவிட்டது. தகரக் கூண்டுகள் போன்ற அறைகளுக்குள் படுக்க முடியாது. எல்லோரும் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தோம். இரண்டு மணியளவில் அவன் அலறினான். புரண்டு படுத்தபோது கை அதன் மேல் விழுந்திருக்கிறது.

ரோச் லைற்றுகள் எரிந்தன. அவனுடைய வலது கையில், சுண்டுவிரலின் கீழே இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றடி தள்ளி ஒரு வாளியின் அருகே, தாடைகளை உரசிக்கொண்டு அது நின்றது. மலையாளிச் சமையற்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஒருவர் கையைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும் என்றார். ஒருவர் வெட்டுக்காயத்தை இன்னும் கீறி இரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்று கத்தியைத் தேடினார். ஒரு மணித்தியாலத்துக்குள் மூளைக்கு ஏறிவிடும் என்று இன்னொருவர் அவனுக்கு முன்னாலேயே சொன்னார்.

தம்பி என் சாரத்தைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன், கடன் சீட்டு என்ட பெட்டிக்குள்ள இருக்கு. இன்னும் ஏழு மாசம் கட்டணும். எனக்கு ஏதும் ஆகினா உம்மாக்கிட்ட இதைச் சொல்லிராதீங்க. நெஞ்சு வருத்தம் எண்டு சொல்லுங்க."

சாவகச்சேரி அண்ணர் ஒருவர் எங்களோடு இருந்தார். எதற்கும் பதறாத மனிதர். "தம்பி, கையை ஆட்டாதை. நெஞ்சை அடைக்குதோ? நாக்குத் தடிக்குதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் எல்லாவற்றுக்கும் ஆம் என்றான்.

ஹாஜி வந்தார். கத்தி வைத்திருந்தவரைத் தள்ளி நிறுத்தினார். ரோச் லைற்றை வாங்கி, கையைத் திருப்பிப் பார்த்தார். நெருக்கமாக இரண்டு வெட்டு, நன்றாக ஓடும் இரத்தம். காயத்தைச் சுற்றி வீக்கம் இல்லை. எரிவு தோளை நோக்கி ஏறுகிறதா என்று கேட்டார். இல்லை. வாளியின் அருகே நின்ற பிராணியைப் பார்த்தார். அவருடைய முகம் இளகியது. "ஷபத். மாஃபி சம்" என்றார். மாஃபி என்ற சொல்லை வளைகுடாவுக்குப் போன எவரும் விமான நிலையத்திலேயே படித்துவிடுவார்கள். இல்லை என்று பொருள். நஞ்சு இல்லை. சவர்க்காரம் போட்டுத் தண்ணீரால் பலமுறை கழுவச் சொன்னார். அந்தத் தாடைகளில் அழுகல் ஒட்டியிருக்கும், அதிலிருந்து புண் சீழ் பிடிக்காமல் பார்த்தால் போதும் என்றார். பிறகு ஒரு மட்டையை எடுத்து, பிராணியைப் படலைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் விட்டார். மண்வெட்டியோடு நின்றவர்களுக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

தம்பி நம்பவில்லை. விடியும்வரை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் ஓதிக்கொண்டு இருந்தான். சுபஹுத் தொழுகைக்கு நேரம் வந்தது. உயிரோடிருக்கிறான். தொழுதுவிட்டு வந்து இரண்டு ரொட்டி தின்றான். பத்து நாளில் காயம் ஆறியது.

ஹாஜி சொன்னது சரிதானா என்று ஊருக்குத் திரும்பிய பின்னர் நூல்களில் தேடிப் பார்த்தேன். நஞ்சுச் சுரப்பியும் இல்லை, நூல் நூற்கும் சுரப்பியும் இல்லை என்பதே விஞ்ஞானிகளின் முடிவு. 1978இல் இந்திய ஆய்வாளர் இருவர் ஓரினத்தில் நஞ்சுச் சுரப்பியைக் கண்டதாக எழுதினார்கள். அதற்குப் பின்னர் வேறு எவரும் அதை உறுதிப்படுத்தவில்லை. விறைப்பு மருந்தும் இல்லை, முட்டையிட ஒட்டக வயிறும் வேண்டாம். நிலத்தில் பொந்து தோண்டித்தான் முட்டையிடும்.

முகாமில் பயம் தெளிந்ததும் அது விளையாட்டாக மாறியது. இளைஞர்கள் ஒரு ஷபத்தைப் பிடித்து ஊறுகாய்ப் போத்தலில் விட்டார்கள். முன்கை நுனியின் ஒட்டுறுப்பால் வழுவழுப்பான கண்ணாடியில் அது ஏறியதைக் கூட்டம் கூடிப் பார்த்தது. நான்காம் நாள் செத்துக் கிடந்தது. ஆய்வுகூடங்களிலும் இந்தப் பிராணி அதிக காலம் தங்குவதில்லை. அதன் வாழ்க்கை பற்றிய அறிவு குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு சண்டை. வெட்டிய எண்ணெய்ப் பீப்பாவின் அடியில் ஒரு ஷபத்தையும் ஒரு தேளையும் விட்டுப் பந்தயம் பிடித்தார்கள். முதலாம் உலக யுத்தத்தில் எகிப்தில் இருந்த பிரித்தானியச் சிப்பாய்களும் இதைப் போன்ற பந்தயம் பிடித்தார்கள் என்று கிளவுட்ஸ்லி தொம்சன் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலக யுத்தத்தில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் தாங்கிப் படைவீரராக இருந்து 1942இல் காயமடைந்தவர் அவர். அந்தப் பாலைவனத்தின் சிற்றுயிர்களை ஆராய்வதையே பின்னர் தொழிலாக்கிக்கொண்டு, 1960 முதல் 1971 வரை கார்ட்டூம் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தார். ஷபத் பற்றி அறிய விரும்புகிறவர் அவருடைய எழுத்துக்களில் தொடங்கலாம்.

சண்டைக்கான தேள்களை ஒரு நிடோ பால்மா ரின்னில் போட்டுக் கட்டிலின் அடியில் வைத்திருந்தார்கள். மஞ்சள் நிறம், சின்னவை, மெல்லிய கொடுக்கு. கடுகளவு பயமும் இல்லாமல் ஈர்க்கால் தூக்கி விளையாடினார்கள். ஹாஜி அந்த ரின்னைக் கண்டபோது கோபத்தில் கத்தியதை நான் கேட்டேன். யாரும் பொருட்படுத்தவில்லை. ஷபத்துக்கே நஞ்சில்லையாம், இந்தப் பொடிப் பயல் என்ன செய்துவிடுவான் என்பது அவர்களுடைய கணக்கு.

1996ஆம் ஆண்டு ஜூன் மாதம். விடிய நாலரை மணி. பதுளையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் சப்பாத்துக்குள் காலை விட்டான். "ஸ்" என்று காலை இழுத்தான். சப்பாத்தைத் தட்ட, ஒரு மஞ்சள் தேள் விழுந்தது. ரின்னிலிருந்து தப்பியதா, வெளியிலிருந்து வந்ததா என்று எவரும் அறியார். பெருவிரலில் ஒன்றும் தெரியவில்லை. இரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. "ஒன்னுமில்லண்ணே, சுள்ளுன்னு வலிக்குது, அவ்வளவுதான்" என்று சிரித்தான். மூதூர்த் தம்பியின் இரவை நினைவுபடுத்திச் சிலர் கேலி செய்தார்கள். வேலைக்குப் போகும் வண்டியில் ஏறுவதற்கு அவன் வரிசையில் நின்றான்.

ஐந்தே காலுக்கு அவனுடைய சேர்ட் நனைந்திருந்தது. வியர்வை ஆறாக ஓடியது. கையோ ஐஸ் போல் குளிர்ந்திருந்தது. வாயில் எச்சில் வழிந்தது. இரண்டு முறை சத்தி எடுத்தான். நெஞ்சு படபடப்பதைச் சேர்ட்டுக்கு மேலாலேயே காணக்கூடியதாக இருந்தது. ஹாஜி விழுந்து கிடந்த தேளைப் பார்த்தார். பிறகு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதை அன்றுதான் கண்டேன்.

முகாமில் அன்று நின்றது ஒரு பிக்கப் வண்டி. அது ஆறு மணிக்குத் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். மேற்பார்வையாளர் தயங்கினார். ஒரு சின்னத் தேளுக்காக வண்டியை நாள் முழுவதும் விட முடியாது, மத்தியானம் வேறு வண்டி வரும், அதில் அனுப்பலாம் என்றார். போன வருடம் அந்தப் பெரிய பூச்சி கடித்தே ஒருவனுக்கும் ஒன்றும் நடக்கவில்லையே என்றும் சொன்னார். ஹாஜி வாதாடவில்லை. வண்டியின் முன் சில்லுக்கு முன்னால் போய் நிலத்தில் இருந்துவிட்டார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மத்தியானத்துக்குச் சவப்பெட்டி கொண்டுவரும் வண்டியை அனுப்பு என்று. பலூச்சிச் சாரதி மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்காமலே திறப்பைப் போட்டு வண்டியை முறுக்கினான்.

நானும் கூடப் போனேன். ஹைமா வைத்தியசாலையில் சூடான் நாட்டு வைத்தியர் ஒருவர் இருந்தார். ஊசி மருந்து ஏற்றி இரண்டு நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். முதல் நாள் பின்னேரம் வரை அவர் எங்களுக்கு எந்த உறுதியும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் இளைஞன் தேத்தண்ணி கேட்டான். அப்போதுதான் வைத்தியர் எங்களோடு இருந்து கதைத்தார். தேளின் அளவைப் பார்க்காதே, கொடுக்கையும் வாலையும் பார் என்றார். தடித்த கொடுக்கு, மெல்லிய வால் என்றால் பெரும்பாலும் அவ்வளவு மோசமில்லை. மெல்லிய கொடுக்கு, தடித்த வால் என்றால் நேரத்தை வீணாக்காதே. நெரித்துக் கொல்லக்கூடியதற்கு நஞ்சு அதிகம் தேவையில்லை. கை மெலிந்ததற்கு நஞ்சுதான் பலம் என்று விளக்கினார்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து நட்டுவக்காலியை நினைத்துப் பாருங்கள். கரிய நிறம், நண்டுக் கொடுக்கு, பார்த்தாலே உடம்பு கூசும். கொட்டினால் நோகும், உயிருக்கு ஆபத்து அரிது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் செந்தேள் இருக்கிறது. சிறியது, சிவந்த மஞ்சள் நிறம். அதன் விஞ்ஞானப் பெயரில் தமுலஸ் என்று தமிழின் பெயரே ஒட்டியிருக்கிறது. அது கொட்டினால் இதயத்தைத் தாக்கக்கூடியது. 2010களில் யாழ்ப்பாணத்து நோயாளர்களைப் பற்றி மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளும் வெளிவந்தன. மகாராஷ்டிர மாநிலத்தில் மஹாட் என்ற சிற்றூரில் இருந்த வைத்தியர் பவாஸ்கர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மாத்திரை இதற்கு உதவும் என்பதை 1980களில் காட்டியதால் எத்தனையோ உயிர்கள் தப்பின. குழந்தையைச் சிறிய தேள் கொட்டினால், காயம் தெரியவில்லையே என்று பார்த்துக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

முகாமுக்குத் திரும்பிய அன்று மாலை சாவகச்சேரி அண்ணர் நிடோ ரின்னை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் போட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு விடியற்காலையில் நாற்பது சோடிச் சப்பாத்துகளும் தட்டப்படும் சத்தம் எங்களுக்கு எழுப்பு மணியாயிற்று. லைற்றின் கீழே ஷபத் வந்தால் கால்களைத் தூக்கி வாங்கில் வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்வார்கள். அது தேளையும் தின்னும் என்று ஹாஜி சொன்ன நாளிலிருந்து அதற்கு ஒரு மரியாதைகூட வந்துவிட்டது.

2004ஆம் ஆண்டில் ஈராக்கிலிருந்து ஒரு புகைப்படம் மின்னஞ்சல் வழியாக உலகம் சுற்றியது. அமெரிக்கச் சிப்பாயின் உடைக்கு அருகே ஒட்டகச் சிலந்தி தொங்குகிறது. மனிதக் காலின் பாதி நீளம். உற்றுப் பார்த்தால் இரண்டு பிராணிகள் ஒன்றையொன்று கடித்துத் தொங்குகின்றன. கமராவுக்கு மிக அருகில் பிடிக்கப்பட்டதால் அவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன. அந்தப் படத்தைப் பார்த்த சில வருடங்களின் பின், திருகோணமலைக்குப் போன வழியில் மூதூரில் இறங்கித் தம்பியின் வீட்டுக்குப் போனேன். ஈட்டை மீட்டு, வீடு கட்டி, மூன்று பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறான். முற்றத்தில் அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். அவன் சுண்டுவிரலின் கீழுள்ள தழும்பைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து அளவு சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக் கோப்பையைத் தாண்டிச் சுளகளவுக்கு வந்திருந்தது.

நான் அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். கைகளைக் கீழே இறக்கவில்லை.

"கடிபட்டது நானா, நீங்களா அண்ணன்?" என்றான்.